பிரிச்சாத்தான் தெரியும்

சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ ஒரு லாரிப் பட்டறைக்குப் போய், ஓரமாக நிற்கும் பழைய வண்டியைக் காட்டி, "இதுக்கு எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். அனுபவப்பட்ட மெக்கானிக் தொகை எதுவும் சொல்ல மாட்டார். "பிரிச்சாத்தாங்க தெரியும்" என்பார்.

கேட்பவருக்கு இது நழுவல் போலத் தோன்றும். எனக்கு இது மிக நேர்மையான அறிவியல் கூற்றாகப் படுகிறது. மூடிய இரும்புக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து எவ்வளவு தூரம் அறிய முடியும், அறிய முடியாத மிச்சத்துக்கு என்ன விலை வைப்பது என்ற இரண்டு கேள்விகளும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. இந்த அத்தியாயம் அவற்றைப் பற்றியது.

கணக்குக்காக ஓர் ஓட்டுநரை நினைத்துக்கொள்வோம். இருபது வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறார். சேமிப்பு கொஞ்சம், வீட்டு நகையின் பேரில் கொஞ்சம், மீதிக்கு ஃபைனான்ஸ். அவர் முன்னால் இரண்டு ஆறு சக்கர லாரிகள் நிற்கின்றன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வருடம், மீட்டரில் ஏறக்குறைய ஒரே கிலோமீட்டர். நல்ல நிலையில் இருந்தால் இந்த வகை வண்டி 12 லட்ச ரூபாய் போகும் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் லாரிக்குப் புது பெயின்ட், புது சீட் கவர், கறுப்பாக மின்னும் டயர். விலை 11 லட்சம். "ஏறி உட்கார்ந்து லோடு ஏத்த வேண்டியதுதான் பாக்கி" என்கிறார் புரோக்கர். இரண்டாவது லாரியின் ரேடியேட்டர் ஒழுகுகிறது, டயர்கள் மொட்டை, கேபின் கதவின் அடியில் துரு, கிளட்ச் வழுக்குகிறது. விலை 9 லட்சம். தெரிந்த வேலைகளுக்கு 2 லட்சம் ஆகும். ஆக இரண்டும் 11 லட்சத்தில் வந்து நிற்கின்றன. எதை வாங்குவது?

எலுமிச்சைச் சந்தை

நம் ஊரில் புது வண்டியை எடுக்கும்போது சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். அமெரிக்கப் பேச்சு வழக்கில், வாங்கிய பிறகு ஓயாமல் தொல்லை கொடுக்கும் வண்டிக்கே எலுமிச்சை என்று பெயர். அந்தப் பெயரைத் தலைப்பில் வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு 1970இல் அது வெளியானது. 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடு அவர் நோபல் பரிசு பெற்றதற்கு அடிப்படை அந்தக் கட்டுரைதான்.

அவர் சொன்னதை நம் லாரிகளை வைத்தே விளக்கிவிடலாம். சந்தையில் நல்ல வண்டிகளும் கெட்ட வண்டிகளும் கலந்து நிற்கின்றன. எது நல்லது என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை சொல்கிறார். அந்த விலை கெட்ட வண்டிக்காரருக்கு லாபம், நல்ல வண்டிக்காரருக்கு நட்டம். நல்ல வண்டிக்காரர் விற்காமல் வீட்டுக்கு ஓட்டிப் போய்விடுகிறார். சந்தையில் கெட்ட வண்டிகளின் பங்கு கூடுகிறது. இதை உணர்ந்த வாங்குபவர் விலையை இன்னும் குறைக்கிறார். சுமாரான வண்டிகளும் வெளியேறுகின்றன. யாரும் பொய் சொல்லாமலே, தகவல் ஒரு பக்கம் மட்டும் இருப்பதாலேயே சந்தை சீரழிகிறது.

அதே கட்டுரையில் அகர்லாஃப் இந்தியக் கடன் சந்தையைப் பற்றியும் பேசுகிறார். கடன் வாங்குபவரின் குணமும் குடும்பமும் உள்ளூர் வட்டிக்காரருக்குத் தெரியும், அதனால் அவரால் துணிந்து கொடுக்க முடிகிறது. வெளியிலிருந்து வருபவருக்கு அது தெரியாது. லாரிச் சந்தையில் அந்த உள்ளூர் அறிவைச் சுமப்பவர் மெக்கானிக். எந்த வண்டி எந்த லோடு அடித்தது, யார் ஓட்டியது, எத்தனை முறை இன்ஜின் இறக்கியது என்பதெல்லாம் பட்டறைத் திண்ணையில் இருக்கும் செய்திகள்.

இப்போது இரண்டு லாரிகளையும் திரும்பப் பாருங்கள். ஒழுகும் ரேடியேட்டரும் மொட்டை டயரும் பழுதுகள்தான். ஆனால் அவை கண்ணுக்குத் தெரிகின்றன, விலையில் கழிந்துவிட்டன. தெரிந்த பழுது ஒரு தொகை, அவ்வளவுதான். ஆளைக் கவிழ்ப்பது தெரியாத பழுது. அது இன்ஜினுக்குள்ளும் சேஸிஸிலும் ஒளிந்திருக்கும்.

புகை பேசும்

டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை அழுத்தியே எரியவைப்பதுதான் ருடால்ஃப் டீசலின் யோசனை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1893இல் சோதனையைத் தொடங்கி, 1897இல் எரிபொருள் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாற்றும் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். இன்றைய லாரி இன்ஜினிலும் கொள்கை அதுவே. சிலிண்டரில் உள்ள காற்றைப் பிஸ்டன் பதினாறு, பதினேழு மடங்கு நெருக்குகிறது. நெருக்கிய காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. அந்த வேளையில் நாசில் டீசலைத் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது.

எல்லாம் அந்த நெருக்கத்தைப் பொறுத்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளும் லைனரும் தேய்ந்துவிட்டால் நெருக்கிய காற்று இடுக்கு வழியே கீழே கசியும். நெருக்கம் குறையும், சூடு குறையும், டீசல் சரியாகப் பற்றாது. இது மிக நன்றாக வெளிப்படுவது குளிர்ந்த இன்ஜினில். இரவெல்லாம் நின்ற வண்டியின் இரும்பு காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். ரிங்கு நன்றாக இருந்தால் மட்டுமே அப்போதும் உடனே ஸ்டார்ட் ஆகும். அதனால் வண்டி பார்க்க அதிகாலையில் போக வேண்டும். போனதும் முதல் வேலை இன்ஜின் மேல் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்த நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். கரும்புகை என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், நாசில், டர்போ, பம்பு ஆகியவற்றில் எதுவோ ஒன்று. இவற்றில் பல இன்ஜினை இறக்காமலே முடியும் வேலைகள். வெண்புகை கொஞ்ச நேரம் வந்து நின்றால் குளிர்ச்சியால் எரியாத டீசல். சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால், தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த டீ போன்ற படிவு இருக்கிறதா, ரேடியேட்டரில் குமிழி கிளம்புகிறதா என்பவை அதற்கான தடயங்கள். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. லைனர், ரிங்கு, வால்வு, டர்போ என்று சந்தேகம் பெரிதாகிறது.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், கசியும் காற்று அந்த வழியே குப்குப்பென்று புகையோடு வரும். பட்டறையில் இதற்கு 'பேக் கம்ப்ரஷன்' என்று பெயர். சிலிண்டருக்குள் போகாமலே அதன் தேய்மானத்தை அளக்கும் எளிய வழி அது.

அடுத்த தடயம் ஆயிலிலேயே கரைந்திருக்கிறது. இன்ஜினின் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு உலோகம். தேயும்போது அதன் நுண்துகள் ஆயிலில் கலக்கிறது. பழைய ஆயிலைச் சிறிது எடுத்து நிறமாலைக் கருவியில் எரித்தால், ஒவ்வொரு தனிமமும் தன் ஒளியைக் காட்டிக்கொடுக்கும். இரும்பு கூடினால் லைனர், கிராங்க் போன்ற பாகங்களின் தேய்மானம். ஈயமும் தாமிரமும் கூடினால் பேரிங். சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டரைத் தாண்டி மண்தூசி போயிருக்கிறது. இரத்தப் பரிசோதனையைப் போன்ற இந்த முறையை அமெரிக்க ரயில்வேக்கள் 1940களிலேயே டீசல் இன்ஜின்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கின. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நேற்று ஆயில் மாற்றிய வண்டியில் இந்தச் சாட்சி அழிந்திருக்கும். டீசல் இன்ஜின் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். விற்பனைக்கு நிற்கும் வண்டியில் அது தேன் நிறத்தில் இருந்தால், எப்போது, எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்டாக வேண்டும்.

கடைசிச் சோதனை சுமையோடு ஓட்டுவது. காலி வண்டியில் எந்த இன்ஜினும் சமாளித்துவிடும். லோடு ஏற்றி, சேலத்திலிருந்து தருமபுரி பக்கம் தொப்பூர் கணவாயில் ஏறச் சொல்லுங்கள். டர்போவின் இழுவை, கிளட்ச், ரேடியேட்டர், கியர் பாக்ஸ் எல்லாம் அந்த ஏற்றத்தில் உண்மையைச் சொல்லும்.

சேஸிஸ் எதையும் மறக்காது

இன்ஜினைக் கழற்றி மாற்றலாம். சேஸிஸ் அப்படியல்ல, அது வண்டியின் முதுகெலும்பு. அதன் நோய் மெதுவாக வருவது.

1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் முன் இன்ஜினில் அச்சு முறிந்தது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அத்தனை நாள் பாரத்தைத் தாங்கிய அச்சு ஏன் ஒரு நாள் முறிய வேண்டும் என்ற கேள்வி ஐரோப்பியப் பொறியாளர்களை உலுக்கியது. ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர் அதற்கு விடை தேடி ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சுழற்றிச் சோதித்தார். ஒரே முறை கொடுத்தால் உலோகம் எளிதாகத் தாங்கும் அழுத்தமே, லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் அதை முறித்துவிடுகிறது என்று காட்டினார். இதுதான் உலோகச் சோர்வு. ஒரு வெல்டின் ஓரத்திலோ ஆணித் துளையின் விளிம்பிலோ மயிரிழை விரிசல் பிறக்கிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது துளியளவு நகர்கிறது. மிச்சமிருக்கும் இரும்பு பாரத்தைத் தாங்காத அன்று முறிகிறது.

கிலோமீட்டருக்குப் பத்தே குலுக்கல் என்று வைத்தாலும், 5 லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி 50 லட்சம் குலுக்கலைத் தாங்கியிருக்கிறது. ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியம் ஒவ்வொரு குலுக்கலின் வலிமை. வெல்டு செய்த எஃகு இணைப்புகளுக்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் விதிப்படி, சேதம் அழுத்தத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். அழுத்தம் இரண்டு மடங்கானால் சேதம் எட்டு மடங்கு. கால் பங்கு கூடினாலே சேதம் ஏறத்தாழ இரட்டிப்பு, அதாவது ஆயுள் பாதி.

அதனால்தான் மீட்டரில் உள்ள கிலோமீட்டர் பாதிச் செய்திதான் சொல்லும். நாமக்கல்லிலிருந்து கேரளத்துக்கு முட்டை ஏற்றிய லாரியும், குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிய லாரியும் ஒரே தூரம் ஓடியிருக்கலாம். முட்டை லாரிக்காரர் பள்ளத்தைக் கண்டால் பிரேக்கில் கால் வைப்பார், சரக்கே அவருக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்திருக்கும். ஜல்லி லாரிக்கு மண்பாதை, அளவுக்கு மீறிய பாரம், அவசரம். ஒரே வயதுடைய இந்த இரண்டு வண்டிகளின் சேஸிஸுக்கும் பல மடங்கு வயது வித்தியாசம் இருக்கும். இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை மத்திய அரசு 2018இல் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. தாளில் வரம்பு உயர்ந்ததால், முந்தைய வரம்புக்கு என்று செய்த வண்டியின் இரும்பு தடிமனாகிவிடாது.

ஆகவே வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட், குறுக்குச் சட்டங்கள் சேரும் இடம், ஆணித் துளைகள் ஆகியவைதான் விரிசல் பிறக்கும் இடங்கள். பெயின்ட்டின் நடுவே மெல்லிய துருக்கோடு ஒழுகியிருந்தால் அதன் மேல்முனையில் விரிசல் இருக்கலாம். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாகச் சேர்த்த ஸ்பிரிங் பட்டை அதிக லோடு அடித்ததன் ஒப்புதல் வாக்குமூலம். சேஸிஸ் மேல் வைத்துப் பற்றவைத்த ஒட்டுத் தகடு பழைய காயத்தின் தழும்பு. வெல்டின் வெப்பம் பக்கத்து இரும்பின் வலுவைக் குறைப்பதால் அடுத்த விரிசல் பெரும்பாலும் அந்தத் தகட்டின் ஓரத்திலேயே கிளம்பும்.

சந்தேகம் வந்தால் பழைய பட்டறை உத்தி ஒன்று இருக்கிறது. அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவ வேண்டும். சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்த மண்ணெண்ணெய் தூளில் ஊறி, ஈரக்கோடாக எழும்பும். தொழிற்சாலைகளில் சாயத்தை வைத்துச் செய்யும் ஊடுருவு சோதனையின் அடிப்படையும் இதேதான்.

பத்து லாரிகளின் கணக்கு

இத்தனை சோதனைக்கும் செலவு உண்டு. மெக்கானிக்குக்குக் கூலி, ஆயில் சோதனை, ஒரு நாள் வாடகை லோடு எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய் என்று வைப்போம். வாங்காத வண்டிக்கு இவ்வளவு செலவா என்று மனம் தயங்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இன்ஜின் மீது மட்டும் சந்தேகம் உள்ள பத்து லாரிகள். ஒவ்வொன்றும் மொத்தம் 11 லட்சம் ஆகும், நன்றாக இருந்தால் மதிப்பு 12 லட்சம். இன்ஜின் போயிருந்தால் கூடுதலாக இரண்டரை லட்சம் செலவு. ஏழில் இன்ஜின் நன்றாக இருக்கிறது, மூன்றில் இல்லை என்று கொள்வோம். பத்தையும் கண்ணை மூடி வாங்கினால் ஏழில் 7 லட்சம் லாபம். மூன்றில் ஒவ்வொன்றிலும் ஒன்றரை லட்சம் வீதம் நாலரை லட்சம் நட்டம். மிச்சம் இரண்டரை லட்சம், வண்டிக்கு 25,000. சோதித்து, கெட்ட மூன்றையும் விட்டுவிட்டால் 7 லட்சம் லாபத்தில் சோதனைச் செலவு 1 லட்சம் போக 6 லட்சம், வண்டிக்கு 60,000. பத்தில் ஐந்து கெட்டது என்றால் கண்மூடி வாங்குபவருக்கு வண்டிக்கு 25,000 நட்டம், சோதித்தவருக்கு அப்போதும் 40,000 லாபம். சந்தேகம் கூடக்கூடச் சோதனையின் மதிப்பும் கூடுகிறது. எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள், வழி மாறாது.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சராசரி என்பது பத்து வண்டி வைத்திருப்பவருக்கு உதவும் எண். ஒரு வண்டி படுத்தால் மற்ற ஒன்பதும் அதைச் சுமக்கும். நம் ஓட்டுநருக்கு இருப்பது ஒரே வண்டி. அது பட்டறையில் நிற்கும் நாளில் வருமானம் பூஜ்யம், மாதத் தவணையோ நிற்பதில்லை. இரண்டு தவணை தவறினால் வண்டியே கையை விட்டுப் போகலாம். பெரிய முதலாளிக்கு நல்ல பேரமாக இருக்கும் அதே லாரி, ஒற்றை வண்டிக்காரருக்குக் குடும்பத்தையே கவிழ்க்கும் சூதாட்டம் ஆகலாம். 'சராசரியில் லாபமா?' என்பது அவருடைய முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. 'மிக மோசமானது நடந்தால் தாங்குவேனா?' என்பதுதான் முதல் கேள்வி. கையில் உள்ள பணத்தையெல்லாம் விலைக்கே கொட்டாமல், ஓர் இன்ஜின் வேலைக்கும் மூன்று தவணைக்கும் ஆகும் தொகையை ஒதுக்கிவைத்த பிறகு மிச்சமிருப்பதுதான் அவரது உண்மையான பட்ஜெட்.

வயதும் இந்தக் கணக்கில் சேரும். எட்டு வருடம் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். 12 வருடத்தைத் தாண்டிய இரண்டு அச்சு லாரிக்கு நேஷனல் பெர்மிட் கிடைக்காது. பதினொரு வருட வண்டியை வெளிமாநில ஓட்டத்துக்கென வாங்குபவர் ஒரு வருட உரிமையைத்தான் வாங்குகிறார்.

அட்வான்ஸ் கொடுத்த பிறகு

எஞ்சிய ஆபத்து நம் மனதில் இருக்கிறது. 1994இல் வெளியான ஓர் ஆய்வில் ரோஜர் பியூலரும் அவரது சகாக்களும் கல்லூரி மாணவர்களிடம், ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். ஆனது 55 நாளுக்கு மேல். நம் வேலையை நாம் மதிப்பிடும்போது தடங்கல்கள் கண்ணில் படுவதில்லை. "பத்து நாளில் வண்டியை ரோட்டில் இறக்கிவிடலாம்" என்ற நம்பிக்கைக்கும் இதே விதிதான். இதற்கு மருந்து, இதே வேலையைப் போன வருடம் செய்த மூன்று பேரிடம் எத்தனை நாள், எவ்வளவு ரூபாய் ஆனது என்று கேட்பது.

அடுத்தது கொடுத்த பணத்தின் பிடி. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நாடகப் பருவச் சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தற்செயலாகத் தள்ளுபடி கிடைத்தவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் ஒன்றுதான், கொடுத்த பணம்தான் இழுத்தது. 25,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம் என்பதற்காக விரிசல் கண்ட சேஸிஸை வாங்குவதும், 2 லட்சம் போட்டாயிற்றே என்று மூன்றாவது லட்சத்தைப் போடுவதும் அதே இழுப்பு. அட்வான்ஸுக்கு முன்பே, இந்தத் தொகைக்கு மேல் போகமாட்டேன் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

இப்போது நம் ஓட்டுநரிடம் திரும்புவோம். தனக்குத் தெரிந்த மெக்கானிக்கோடு போகிறார். பளபளக்கும் லாரியின் இன்ஜின், அதிகாலையிலேயே சூடாக இருக்கிறது. சேஸிஸ் முழுக்கப் புதுக் கறுப்பு பெயின்ட். பிராக்கெட் பக்கம் சுரண்டிப் பார்க்கலாமா என்றால் விற்பவர் சம்மதிக்கவில்லை. அந்த மறுப்பும் ஒரு தகவல்தான். சோதனைக்கு அஞ்சாதவர் தன் வண்டியைத் திறந்து காட்டுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

அழுக்கு லாரிக்காரர் சாவியையே நீட்டுகிறார். எட்டு வருடமாக முட்டை லோடுதான், பில் கட்டுகள் கேபினில் இருக்கின்றன. குளிர்ந்த இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி மட்டும். மண்ணெண்ணெய் தடவிச் சுண்ணத்தூள் தூவிய இடங்கள் வெள்ளையாகவே காய்கின்றன.

"என்னங்ணா, எடுத்துரலாமா?"

"ரேடியேட்டர், கிளட்ச், டயர், கதவு. நாலும் பில்லு போட்டுச் சொல்றேன் தம்பி. கியர் பாக்ஸ் மட்டும் பிரிச்சாத்தான் தெரியும். அதுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வெச்சுட்டு எடுங்க."

காலையில் வண்டி முழுவதற்கும் பொருந்திய அந்த வாக்கியம், மாலைக்குள் ஒரே ஒரு பெட்டிக்குச் சுருங்கிவிட்டது. அந்தப் பெட்டிக்கும் ஒரு தொகை தனியாக இருக்கிறது. இனி அவர் கையெழுத்துப் போடலாம்.